ஆறாவது தாவல்

அந்த நாற்காலி வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்கு இரண்டு நிமிடம்கூட இருப்புக்கொள்ளாது; கேஸ் அடுப்பை அணைத்தோமா, கேட்டுக்குத் தாழ் போட்டோமா என்று பார்க்க எழுந்துவிடுவேன். என் மனைவி யூனிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாலரைக்குத்தான் வருவாள். என் மகள் ஜெரூஷா உள்ளே படுத்திருக்கிறாள். மெதுவாகப் பேசுவோம்.

டெனிஸ் மாஸ்டர் மேல் தப்பு உண்டா என்று விசாரிக்கத்தானே ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் உங்களை அனுப்பியிருக்கிறது? இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். தங்கமான மனுஷன். குரோம்பேட்டையில் அந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, டிராம்போலின் என்கிற ஸ்பிரிங் வலையில் தாவச் சொல்லிக்கொடுக்கிற இத்தனை நாளில் ஒரு பிள்ளைக்கு நகக்கண்ணில்கூட அடிபட்டதில்லை. கம்பிச் சட்டத்தின் மேல் மெத்தை, தரையில் மெத்தை, நாலு பக்கமும் காவலுக்குப் பெற்றோர். நான் மறைமலை நகரில் ஓர் உதிரிபாக ஆலையில் பாதுகாப்பு அலுவலர். குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவன். எனக்கே அங்கே ஒரு குறையும் அகப்படவில்லை. இப்போது அந்த மனுஷன் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகையைப் பூட்டிவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகக் கூடாது, அதனால்தான் உங்களை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

ஜெரூஷாவுக்குப் பதினொரு வயது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். இந்த வீட்டில் 'கூடாது' என்பது யூனிஸின் வார்த்தை. ஐஸ்கிரீம் கூடாது, போன் கூடாது, மழையில் நனையக் கூடாது. அம்மா கூடாது என்றதும் பிள்ளை என்னிடம் ஓடி வருவாள். நான் சரி என்பேன். அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவளிடம் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. பெருமையாகவே சொல்கிறேன். எத்தனை அப்பாக்களுக்கு அது வாய்க்கும்?

டிராம்போலினுக்கும் அப்படித்தான் சரி என்றேன். ஆரம்பத்தில் வெறும் குதிதான், பார்க்க அழகாக இருந்தது. பிறகு போட்டி வந்தது, அவளுக்கு முதல் போட்டி. நடுவில் நிற்காமல் பத்துத் தாவல். அதில் ஆறாவது, பின்பக்கமாகக் குட்டிக்கரணம். முதல்முறை அவள் அதைப் போட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆலையில் மீட்டிங் நடக்கும்போது பாதியில் எழுந்து வெளியே போய் நடப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் தாம்பரத்தில் பைக்கை ஓரங்கட்டி மாஸ்டருக்குப் போன் போட்டு, ஸ்பிரிங்கையெல்லாம் பார்த்தீர்களா என்று கேட்பேன்.

"சார், காலையிலேருந்து நாலாவது தடவ கேக்கறீங்க," என்பார். ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

யூனிஸ் கவனித்துவிட்டாள். "இவ்ளோ பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"நீயே சொல்லேன்."

"நல்லா இருக்கே. நல்ல பேரு வாங்க நீங்க, வில்லி வேஷத்துக்கு நானா? இந்தத் தடவ நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவ போறது சந்தோஷம்தான்."

அந்த ஞாயிறு சர்ச்சில் ஜெபக் குறிப்புகள் கேட்டபோது ஜெரூஷாவே எழுந்து நின்று, போட்டிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். சபை முழுக்க ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். அதற்கு மேல் எப்படி மறுப்பது?

ஒரு நிமிடம், உள்ளே ஏதோ சத்தம்.

ஒன்றுமில்லை, ஜன்னல்தான். தூங்குகிறாள்.

ஆலையில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சின்ன விபத்து நடந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும், பெரிய விபத்திலிருந்து தப்பிவிடலாம். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் தினமும் சாயங்காலம் இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. கணுக்கால் சுளுக்கு என்றால் மூன்று வாரம். மூன்று வாரத்தில் போட்டி முடிந்திருக்கும், ஆசையும் ஆறியிருக்கும்.

கொட்டகையில் முதல் நாளே மாஸ்டர் எங்களையெல்லாம் நிற்கவைத்து ஒன்று சொல்லியிருந்தார். "புள்ள மேல இருக்கும்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. அப்பா அம்மா குரல் கேட்டா தன்னால திரும்பும். திரும்பினா போச்சு."

வியாழக்கிழமை சாயங்காலம் நான் இடது பக்கம் காவலுக்கு நின்றேன். ஐந்து தாவல் முடிந்தது. ஆறாவதில் மேலே போனாள், ஓரத்தில் வந்து விழுந்தாள், கால் மெத்தையை விலக்கிக்கொண்டு வலைக்கும் கம்பிச் சட்டத்துக்கும் நடுவே போய்விட்டது. நான் "ஜெரூ" என்று கூப்பிட்டதை எல்லோரும் கேட்டார்கள்.

தினமும் அவளைப் பயிற்சிக்குக் கூட்டிவருகிற மாரியின் ஆட்டோவில்தான் தூக்கிக்கொண்டு போனோம். மாரி ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. "பேஜாராவாத சார். தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நென்ச்சிக்கோ," என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குக் கொஞ்சம் பிசகிவிட்டது. சுளுக்கு இல்லை. கணுக்காலில் இரண்டு எலும்பும் முறிந்து, தகடு வைத்தார்கள். எலும்பு வளர்கிற இடமே நசுங்கிவிட்டதாம். அந்தக் கால் இனி மற்றக் காலோடு சேர்ந்து வளராது, கட்டையாக நின்றுவிடும் என்றார் டாக்டர். யூனிஸ் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அன்றைக்குத்தான், பல நாளுக்குப் பிறகு, இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டேன்.

அவள் சாய்வதைப் பார்த்து நான் பயந்து கத்தினேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது, தெரிகிறது. அதை அடித்துவிடுங்கள். அவள் சாயவே இல்லை. அன்றைக்குப் போல அவள் நேராகப் போய் நான் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டேன், அதற்குப் பிறகுதான் திரும்பினாள். கத்தவும் இல்லை. சாப்பிட வா என்று கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டேன். தலை கீழே இருக்கும்போது கூப்பிட்டால் கழுத்து போய்விடும் என்று, கால் கீழே வருகிறவரை காத்திருந்தேன். அதற்காக மூன்று நாள் முன்பிருந்தே நின்று பார்த்து நேரத்தைப் பழகிவைத்திருந்தேன். ஏனோதானோ என்று செய்ததில்லை சார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமலா இருந்திருப்பேன்? சொல்லியிருந்தால் அவள் முகம் மாறியிருக்கும். அம்மாவைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்த்திருப்பாள். அதை என்னால் தாங்க முடியாது.

நேற்று மத்தியானம் மாத்திரை கொடுக்கும்போது கேட்டாள். "நான்தானப்பா தப்பாப் போட்டேன்? நீங்க கூப்பிடலன்னா தலையில விழுந்திருப்பேன், இல்ல?"

ஆமாம்மா என்றேன். என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகையைத் திறக்கச் சொல்லுங்கள். போலீஸில் கொடுப்பதென்றாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஜெரூஷாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையை நோகடிக்கிற காரியம் மட்டும் என்னால் ஆகாது சார்.