மூன்று வயதில் காதுகுத்து

"எந்தம்பி மனநல வார்டுலேருந்து வூட்டுக்கு வரட்டும்னுதான் மூணு வயசு வரைக்கும் இவளுக்குக் காது குத்தல" என்று முன் சீட்டுப் பெண் சொன்னதும் நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். அவள் மடியில் தூங்கிய குழந்தையின் காதில் புதுத் தோடு. பக்கத்தில் அவளைவிட மூத்த ஓர் அம்மா.

"வேற யாரு மடியிலயாச்சும் உக்கார வெச்சிருக்கலாமேடி?"

"எங்க மாமியாரும் அதான் சொன்னாங்க. தாய்மாமன் உசுரோட இருக்கறப்ப வேற மடி எதுக்குங்கக்கா?"

"புள்ளைய அவன்கிட்ட குடுக்க பயமா இல்லையா?"

"அவனுக்குத்தான் பயம். மாத்திரையால கை நடுங்குது, வேணாம்க்கான்னான். டிஸ்சார்ஜ் அன்னிக்கு நர்சம்மா, அவருக்கு வூட்டுல ஒரு பொறுப்பு குடுங்கன்னாங்க. இதைவிட என்ன பொறுப்பு இருக்கு? அவன் மடியிலதான் உக்கார வெச்சேன். ஆசாரி குத்துனதும் இவ வீல்னு கத்திட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டா. நான் கூப்புட்டும் வரல."

"மாமியாரு என்ன சொன்னாங்க?"

"மொதப் பந்தியில அவனை உக்கார வெச்சு, அவங்க கையாலயே எலை போட்டாங்க."