சாத்துமுத்து

அந்த நாள் மீட்டர்கேஜ் வண்டி கபினி பாலத்துல ஏறறச்சே மத்தளம் வாசிக்கற மாதிரி ஒரு சத்தம் வரும். நஞ்சன்கூட்டுல எங்காத்து முற்றம் வரைக்கும் கேட்கும். இப்போ வண்டி வந்து நின்னாத்தான் தெரியறது. நிக்கறேளே, உட்காருங்கோ. போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்தது, மைசூர் ஸ்டேஷன்ல தமிழ் கேட்டா விடுவேனா?

யாருக்கோ காத்திண்டிருக்கேளா? ஓ, சித்தி பொண்ணா. சரி.

எங்காத்துலயும் ஒரு பொண்ணு. என் தம்பி ஸுமந்த்தோட பொண்ணு அபூர்வா, பதிமூணு வயசு. இங்கே விஜயநகர்ல எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம். போன்ல வீடியோ போடுவா. அதைப் பார்த்து ஒருத்தன் பழகினான். பதினாறு வயசு, எங்களை மாதிரியே மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம், தூரத்து உறவுன்னான். நம்மாத்துத் தமிழைக் கன்னட எழுத்துல எழுதினான், அவளும் அப்படித்தான் எழுதுவா. அந்தத் தமிழ் பேசறவாளே கொஞ்சம் பேர். பேச்சைப் பார்த்ததும் சொந்தம்னே நம்பிட்டா. பெரியவாளே நம்பியிருப்போம்.

அப்புறம் போட்டோ கேட்டான். அனுப்பிட்டா. உடனே குரல் மாறிடுத்து. ஸ்டேஷனுக்குத் தனியா வா, இல்லேன்னா அதை எல்லாருக்கும் அனுப்புவேன்னான்.

இல்லையில்லை, நாங்களா கண்டுபிடிக்கலை, குழந்தையே வந்து சொல்லிட்டா. என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லு, திட்டமாட்டேன், போனைப் பிடுங்கமாட்டேன்னு அவ அம்மா ஹம்ஸா எப்பவோ சொல்லி வச்சிருந்தா. செல்லம் குடுத்துக் கெடுக்கறேன்னு ஸுமந்த் அப்போ சண்டை போட்டான். இப்போ அவ சொன்னதுதான் சரிங்கறான்.

ஒண்ணையும் அழிக்காம வச்சிண்டு எல்லாத்தையும் நான் படிச்சேன். காலேஜ்ல தமிழ் சொல்லிக்குடுத்தவ, வார்த்தை உறுத்தினா விடமாட்டேன். எங்காத்துலயும் தினம் சாத்துமுத்துதான்னு ஒரு இடத்துல எழுதியிருந்தான்.

ரசத்தை நாங்க சாத்தமுதும்போம். சாத்துமுத்துங்கறது அபூர்வா சின்னதுல குழறினது. வேற எந்த ஆத்துலயும் கிடையாது. அவ வீடியோல விளையாட்டா சொன்னதைக் கேட்டுட்டு, மேல்கோட்டைத் தமிழே அதுதான்னு நினைச்சிண்டுட்டான். உறவும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவகிட்டயே திருடி அவளுக்கே தூண்டில் போட்டிருக்கான்.

இப்போ அவ ரசம்னுதான் சொல்றா.

என்ன இப்படி வேர்க்கறது உங்களுக்கு? தண்ணி குடிக்கறேளா? ஏன் எழுந்துக்கறேள், வண்டிதான் வரலையே. அந்தப் பக்கம் போகாதேங்கோ. டீ குடிச்சிண்டு நிக்கறாளே ரெண்டு பேர், அவா போலீஸ். இந்தப் பக்கம் படிக்கட்டுல என் தம்பி.

போன் அடிக்கறதே. எடுக்க வேண்டாம், நான்தான். அபூர்வாவோட போன் என் பைக்குள்ள இருக்கு, அதுலேருந்துதான் அடிச்சேன். நீங்கதானான்னு நிச்சயம் பண்ணிக்கணுமே.

அபூர்வா வரமாட்டா. ஸ்கூல்ல கணக்குப் பரீட்சை எழுதிண்டிருக்கா.