உள்நாடா

உங்கள் சட்டைக் கையில் ஒரு பொத்தான் தொங்குகிறது, சார். ஊசி நூல் இருந்தால் பேசிக்கொண்டே தைத்துவிடுவேன். என் கையில் ஊசி கொடுக்க யோசிக்கிறீர்கள், அதுவும் நியாயம்தான். வீட்டில் யாரிடமாவது மறக்காமல் தைக்கச் சொல்லுங்கள்.

தையல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். அம்மாவின் கால்மெஷின் ஜன்னலோரம் இருக்கும். அதன் அடியில் விழும் வெட்டுத்துணிக்கு நானும் தங்கையும் அடித்துக்கொள்வோம். ஒருநாள் அம்மா அடுப்படியில் இருந்தபோது நான் ஸ்டூலில் ஏறி மெஷினை மிதித்தேன். ஊசி இடதுகை ஆள்காட்டி விரல் நகத்தில் நட்டநடுவே இறங்கிவிட்டது. நான் அழவே இல்லை. அம்மா ஓடிவந்து, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே எடுத்தாள். "என் தங்கமே, நீ பெரிய தையல்காரி ஆகப்போற" என்று அந்த விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் தைத்தேன்.

தங்கையை நாங்கள் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். அவள் மெஷின் பக்கமே வரமாட்டாள். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டால் கையை மடியில் ஒளித்துக்கொள்வாள், அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. கைத்தையல் மட்டும் போடுவாள். சும்மா சொல்லக்கூடாது, அது அவளுக்கு நன்றாகவே வரும். பழைய போட்டோக்களில் பெண்கள் போட்டிருக்கும் உடைகளை அச்சு அசலாகத் தைத்து விற்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். புசுபுசுவென்ற பஃப் கை, லேஸ் வைத்த கழுத்து, முதுகில் வரிசையாகத் துணிப் பொத்தான். கடை பிடித்தோம். முன்னறையில் அவள், பின்னறையில் மெஷினோடு நான். வருகிறவர்கள் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அதற்கெல்லாம் நான் வயிறெரிந்தவள் இல்லை.

எங்களிடம் பேர் வாங்கியது குழாய்ப் பாவாடை. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒட்டினாற்போல் இறங்கும். போட்டவள் காலை அகட்டி வைத்தால் தையல் பிரிந்துவிடும் என்பதற்காக, உள்ளே முழங்காலுக்குக் கீழே ஒரு நாடாவைச் சுற்றித் தைப்போம். வெளியே தெரியாது. நடை தானாகச் சின்னதாகிவிடும். அந்த நாடாவை மட்டும் இற்றுப்போன பழைய நூலில் லேசாக ஓட்ட வேண்டும் என்பது சின்னவள் போட்ட சட்டம். "கால் தடுக்கினா நாடா பிய்ஞ்சு போகட்டும்க்கா. ஆள் விழக்கூடாது" என்பாள். நானும் அப்படியே தைத்து வந்தேன்.

பிறகு டீவிக்காரர்கள் வந்தார்கள். நான் பின்னறையில் ஒரு ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் சொல்வது கேட்டது: "சின்ன வயசுல அம்மா மெஷின்ல ஏறி மிதிச்சேன். ஊசி நகத்துக்குள்ள போயிடுச்சு. அம்மா என் விரலை வாயில வெச்சுக்கிட்டு, நீ பெரிய தையல்காரி ஆகப்போறன்னு சொன்னாங்க." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து ரவிக்கைக் கை கருகிவிட்டது.

அவர்கள் போனதும் கேட்டேன். "அது என் கதைடி."

அவள் சிரித்தாள். "விளையாடாதக்கா. நீதானே அன்னிக்கு பக்கத்துல நின்னு, அம்மா அம்மான்னு கத்தின?"

எவ்வளவு கோர்வையாகப் புளுகுகிறாள் பாருங்கள். பணம், பேர், முன்னறை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டவள் நான். என் அம்மா என்னைக் கொண்டாடிய ஒரே ஒரு நாளையும் வாரிக்கொண்டு போனால் எனக்கு என்ன மிச்சம்? ரவிக்கையின் கருகிய கையைப் பிரித்துவிட்டு வேறு கை வைத்துத் தைத்தேன்.

உடைக் கண்காட்சி வந்தது. மண்டபத்தின் பெரிய கல் படிக்கட்டில் அவளே எங்கள் குழாய்ப் பாவாடையைப் போட்டுக்கொண்டு இறங்கி வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் மத்தியானம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது நாடாவைப் பிரித்தேன். ஒரு சாண் குறைத்தேன். இற்ற நூலை வைக்கவில்லை, தோல்பை தைக்கும் மெழுகு நூலை எடுத்தேன். இரட்டைத் தையல் போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு நேரான தையல் போட்டதில்லை.

மறுநாள் மாட்டிப் பார்த்தவள், "அக்கா, கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கே" என்றாள்.

"மெதுவா நட. அதுதான் அழகு" என்றேன். பொத்தான்களை நானே போட்டுவிட்டேன்.

சொல்லப்போனால் நிறுத்துவதற்கு நேரம் இருந்தது. என் இடுப்பில் கத்தரிக்கோல் இருந்தது, ஒரே வெட்டு போதும். நான் கீழே கூட்டத்தோடு நின்றேன். அவள் மேல்படிக்கு வந்து, இறங்காமல், கண்ணால் கூட்டத்தைத் துழாவினாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "எல்லாம் தைச்சது எங்க அக்காதான். அக்கா, மேல வா" என்றாள். கைதட்டல் பலமாக இருந்தது. ஊருக்கு முன்னால் எனக்குப் பிச்சை போடப் பார்க்கிறாள் என்று தோன்றியது. நீட்டிய கையோடு என்னைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.

விழுந்த இடத்துக்கு முதலில் ஓடியவள் நான்தான். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாவாடையைப் பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா அவளுடைய இடது கையை விடவே இல்லை. உயிர் போன பிறகும் ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஊசி ஏறினப்பக்கூட என் பொண்ணு அழல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வயசான காலம், மகள் போன துக்கம் வேறு, யாருக்கு எது நடந்தது என்று குழம்பிவிட்டது. நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் போய்த் திருத்த நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

நாடாவைக் குறைத்தது நான். நூலை மாற்றியது நான். விழுவாள் என்று தெரிந்தே செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கையை விரித்துக் காட்டச் சொன்னீர்களே, நன்றாகப் பாருங்கள். பத்து நகமும் வழவழவென்று இருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அம்மா வாயில் வைத்துக்கொண்டாளே, அதில் ஆறிவிட்டது. சின்னவளின் நகத்தில் நடுவே ஒரு பிளவு இருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா, கூடவே வளர்ந்தவள் நான். அதையும் அவள் என்னிடமிருந்துதான் எடுத்திருப்பாள், சார்.