யாரோ மைக் பிடிக்கிறவர்

தடாலென்று கோல் விழுந்த சத்தத்தில் என் டீ சிந்திவிட்டது. சட்டையில் நீங்கள் பார்க்கிற கறை அதுதான், இன்ஸ்பெக்டர் சார். வேறொன்றுமில்லை.

இந்த மைதானத்தின் அறிவிப்பாளர் நான். மைக்கைப் பிடித்தால் கூட்டம் என் கையில். கோலூன்றித் தாண்டும் அந்தப் பெண் முதன்முதலாக இங்கே வந்தபோது அவளை ஒருத்தருக்கும் தெரியாது. ஒல்லி உடம்பு, நெடுநெடுவென்று கால்கள். "இதோ வருது நம்ம கொக்கு" என்றேன். மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அவளைத் தெரியாதவர்களே இல்லை. பெயர் வைத்தவனுக்கு ஒரு உரிமை இருக்கத்தானே செய்யும். அவளும் வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருடம் என் அறைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தப் பேர் வேணாம்ணே. என் பொண்ணைப் பார்த்தாலே ஸ்கூல்ல பிள்ளைங்க எல்லாம் ஒத்தக்கால்ல நிக்குதுங்க. 'உங்கம்மா மீன் பிடிக்கப் போயிட்டாங்களா'ன்னு கேக்குதுங்க. அவ என்கூட வெளிய வரவே மாட்டேங்கிறா."

"பாசத்துல சொல்றதும்மா. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கலாமா?"

"பாசம்னா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே."

சரி என்று தலையாட்டினேன். அடுத்த போட்டியில் வாய் தவறி அதுதான் வந்தது. அதற்கடுத்ததிலும். அவள் மறுபடி என்னிடம் வரவில்லை. நேராகத் தடகளச் சங்கத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். "அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க" என்றார் செயலாளர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் டிவி பேட்டியில், இந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டார்கள்.

"யாரோ மைக் பிடிக்கிறவர்" என்றாள்.

யாரோ. கூடப்பிறக்காத அண்ணன் ஒரே நொடியில் யாரோ ஆகிவிட்டேன். யார் யாருக்குத் துரோகம் செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கோலைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டால் அறிவிப்பாளர் வாய் திறக்கக் கூடாது. கவனம் சிதறினால், மெத்தையில் விழவேண்டியவர் சிமெண்டுத் தரையில் விழுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இன்று அவள் ஓடினாள். கோலை ஊன்றினாள். கோல் வில்லாக வளைந்து, அவள் தலைகீழாக மேலே போகிற நேரம். மைக் பொத்தானை அழுத்தி, மெதுவாக, ஆசையாகத்தான் கூப்பிட்டேன். கொக்கு என்று. கூட்டம் சிரித்தது. அவள் திரும்பினாள். அவ்வளவுதான்.

என் கை அவள்மேல் படவில்லை. ஒரு பெயரைச் சொன்னேன். விழட்டும் என்றுதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். முதுகெலும்பு போய்விட்டதாம், இனி நடக்கமாட்டாளாம். கேட்டதும் அழுதுவிட்டேன். கொக்கு என்ற பெயர் இனி அவளுக்குப் பொருந்தாது. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது.

"சார், ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடட்டுமா? பாவம், அவளுக்குப் புதுசா ஒரு பேர் யோசிச்சு வச்சிருக்கேன்."