வெளி ஸ்பீக்கர்

— கதவைத் திறடா.

— மாட்டேன்க்கா. நீ போ.

— இந்தா பாரு, நாப்பத்தாறு வயசுல ஆம்ப்ளிஃபயர் ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டு உக்காந்திருக்கற மொத ஆளு நீதான். பிரார்த்தனைக்கு அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க. மைக்காரன் இல்லாம எப்படி ஆரம்பிக்கறது?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? நான் ஆண்டவனைத் திட்டினது வாசல் முழுக்கக் கேட்டிருக்கு.

— வாசல் மட்டுமா? எதிர் பேக்கரில ரொட்டி வாங்க நின்னவங்களுக்கும்தான்.

— அக்கா!

— சும்மா சொல்லக்கூடாது, ஒரு சொல்லு பிசகாம கணீர்னு கேட்டுச்சு. உன் வேலை சுத்தம்டா.

— வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே. இருவத்திரண்டு வருஷமா இந்தக் கூடத்துல மைக் பாக்கறேன். ஒரே ஒரு நாள் சுவிட்சை மறந்திருப்பேனா? இன்னிக்குப் போயா...

— அதான் எல்லாருக்கும் தெரியுமே. பொண்டாட்டியோட கடைசிப் பிரார்த்தனைலகூட வால்யூம் சரி பண்ணிக்கிட்டு நின்ன ஆளாச்சே நீ.

— நீயும் குத்திக் காட்டறியா? ஸ்பீக்கர் கரகரன்னா அவளுக்கு ஆகவே ஆகாதுக்கா. காதைப் பொத்திக்குவா. கடைசியா அவளுக்குச் செய்ய என் கையில இருந்தது அது ஒண்ணுதான்.

— எனக்குத் தெரியும்டா. உன் பொண்ணுக்குத் தெரியலயே.

— தெரியலதான். "அம்மா போனதுகூட உங்களுக்கு ஒரு வேலைதானாப்பா"ன்னு கேட்டா. அதோட சரி. அஞ்சு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாடு வச்சா சாப்பிடுவா, என் சட்டையக்கூட மடிச்சு வைப்பா, அப்புறம் கதவைச் சாத்திக்குவா. இப்போ இதுவும் அவ காதுல விழுந்திருந்தா, இருக்கற ஒரே அப்பனும் கிறுக்கன்னு முடிவு கட்டிருப்பா.

— சரி, என்னதான்டா ஆச்சு? மைக் டெஸ்ட் பண்ணத்தானே முன்னாடியே வந்த?

— டெஸ்ட் பண்ணி முடிச்சு, இந்த ரூமுக்கு வந்து ஸ்பீக்கர் எல்லாத்தையும் அணைச்சேன். மறுபடி கூடத்துக்குப் போய் மைக் முன்னாடி நின்னேன். ஒரு ஈ காக்கா இல்ல. என்னமோ, வாயில வந்துருச்சு. "எட்டு மாசம் ஆஸ்பத்திரி வராண்டால முட்டி தேயக் கேட்டேனே, உனக்குக் காது இருக்கா இல்லையா"ன்னு ஆரம்பிச்சேன்.

— கேட்டேனே! "எடுத்ததுதான் எடுத்த, ஒரு பொண்ணுக்குத் தலை பின்னவாவது எனக்குச் சொல்லிக் குடுத்துட்டு எடுத்திருக்கக் கூடாதா"ன்ன பாரு, அங்க நான் அழுதுட்டேன்டா.

— நானுந்தான். அக்கா, சிரிக்காதே. திட்டித் தீத்ததும் நெஞ்சுல இருந்த பாரத்தை யாரோ இறக்கி வச்சுட்டாங்க. மேல யாருமே இல்லன்னு நினைச்சுக்கிட்டுதான் அஞ்சு மாசமா இங்க ஒயர் இழுத்துக்கிட்டு இருந்தேன். யாருமே இல்லன்னா அரைமணி நேரமா நான் யாரைத் திட்டினேன்?

— அப்படிக் கேளு!

— அதான் கடைசியா சொன்னேன். "என்னால முடியல, இனிமே என் பொண்ணை நீ பாத்துக்க, உன்னை நம்பித்தான் விடறேன்"னு. மனசாரச் சொன்னேன்க்கா. அதுல இருந்து மட்டும் நான் பின்வாங்க மாட்டேன். பாத்துக்குவாரு.

— அப்புறம் எதுக்கு எலி மாதிரி பதுங்கற? ஒருத்தரும் உன்னைத் தப்பா பேசல. பிரார்த்தனை நடத்தற பெரியவர் இருக்காரே, "நான் இத்தனை வருஷம் பண்ணது பிரசங்கம், இவன் பண்ணதுதான் பிரார்த்தனை"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. போன வருஷம் மகனைப் பறிகொடுத்த தபால்காரர், நீ பேசி முடிக்கற வரைக்கும் உக்காரவே இல்ல.

— நெசமாவா?

— உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்னடா கிடைக்கப் போகுது?

— ஆனா ஒண்ணு மட்டும் பிடிபடலக்கா. உள் ஸ்பீக்கருக்கு ஒரு சுவிட்ச், வெளி ஸ்பீக்கருக்கு ஒரு சுவிட்ச். உள்ள செத்துப் போய்த்தான் இருந்துச்சு. கதவும் சாத்தி, ஃபேனும் ஓடவே எனக்கு ஒண்ணும் கேக்கல. வெளிய மட்டும் எப்படிப் போச்சு?

— ஒண்ணை அணைச்சிருப்ப, ஒண்ணை மறந்திருப்ப. வயசாகுதுல்ல.

— ஏன், நேத்துப் பொறந்தவளா நீ? ரெண்டையும் அணைச்சேன். அடிச்சுச் சொல்றேன். திரும்ப வந்து பாத்தா வெளி சுவிட்ச் ஏறியிருக்கு. வால்யூமும் கரகரப்பு வராத இடத்துல கச்சிதமா நிக்குது. அந்த இடம் என்னை விட்டா தெரிஞ்சது, சின்ன வயசுல என் கூடவே நின்னு கத்துக்கிட்ட...

— ஏன் நிறுத்திட்ட? சொல்லு. என் பக்கத்துலதான் நிக்கறா.

— நான்தான்ப்பா. உங்க கண்ணாடிய மறந்துட்டீங்கன்னு எடுத்துக்கிட்டு வந்தேன், உங்க சத்தம் கேட்டுச்சு. எங்கப்பா அழவே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொன்னது நான்தானே, அது பொய்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு நான்தான் ஆன் பண்ணேன்.