ஒட்டுப் போட்ட நெஞ்சு

மனைவி: சட்டையை இப்படியா சுருட்டுவீங்க? கொடுங்க, மடிச்சு வைக்கறேன்.

மெக்கானிக்: நெஞ்சைப் பாக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க. சட்டையை யாரு பாக்கப் போறா?

மனைவி: டாக்டரம்மா பாப்பாங்க. போன தடவையே "நல்ல தையல், யாரு போட்டது?"ன்னு கேட்டாங்கல்ல?

மெக்கானிக்: ஐயோ... அது என் விலாவுல போட்ட தையலை. பக்கத்துல நின்ன சின்ன டாக்டர்கிட்ட கேட்டாங்க. நீ முந்திக்கிட்டு "நான்தான்"னு சொல்லிட்ட.

மனைவி: சொன்னா என்ன? சிரிச்சாங்கல்ல.

மெக்கானிக்: வார்டே சிரிச்சுது. ஆமா, உன் கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு?

மனைவி: ஏசி.

மெக்கானிக்: ஏசி என் பக்கம்தான் அடிக்குது. சட்டை இல்லாம உக்காந்திருக்கறவன் நான்.

மனைவி: சரி, பயம். போதுமா? ஆபரேஷன் பலிச்சுதான்னு ஆறு மாசம் போனாத்தான் தெரியும்னாங்க. இன்னையோட ஆறு மாசம்.

மெக்கானிக்: பன்னெண்டாவது மாடி லிஃப்ட் மெஷின் ரூம்ல, மாரடைப்பு வந்து, கையில ஸ்பானரோட மல்லாந்து கிடந்தவன் நான். அன்னைக்கே எனக்குப் பயம் வரல.

மனைவி: வராது. உங்களுக்கு நினைவே இல்ல. உங்க பங்கையும் சேத்து நான்தான் பயந்தேன்.

மெக்கானிக்: அது இருக்கட்டும். நேத்து உன் தையல் கடைக்கு வந்தாங்களே, பையனோட பேன்ட்டைப் பிடிச்சுக் கொடுக்கச் சொல்லி ஒரு டீச்சர்...

மனைவி: ஆமா.

மெக்கானிக்: என்னைப் பாத்துட்டு, "உங்களுக்கு ரெண்டு நெஞ்சாமே?"ன்னு கேக்கறாங்க. நீ என்னதான் சொல்லி வச்சிருக்க?

மனைவி: நான் சரியாத்தான் சொன்னேன். கையிலேருந்து ரத்தம் எடுத்தாங்க, அதுலயே புது நெஞ்சு வளத்தாங்கன்னேன்.

மெக்கானிக்: நெஞ்சு இல்லடி, நெஞ்சுத் தசை. அதுவும் ஒரு சின்னத் துண்டு. ரத்தத்துல இருந்த செல்லை எடுத்து, பச்சைக் குழந்தை மாதிரி ஒண்ணும் தெரியாததா ஆக்கி, அப்புறம் "நீ நெஞ்சுத் தசையா வளரு"ன்னு பழக்கினாங்க. பால் ஏடு மாதிரி மெல்லிசா வந்ததும், செத்துப்போன இடத்து மேல ஒட்டிட்டாங்க.

மனைவி: அதைத்தானே நானும் சொன்னேன்? ஒட்டுப் போட்டாங்கன்னு.

மெக்கானிக்: ஆளுக்கு ஆள் கதை வளருது. போற போக்கைப் பாத்தா எனக்கு மூணாவது நெஞ்சும் முளைச்சிடும்.

மனைவி: முளைக்கட்டும், ஒண்ணாவது என் பேச்சைக் கேக்கும். இந்த ஆய்வுக்கு சரின்னு சொன்னது யாரு? நீங்க "வேண்டாம், எவனோ என் மேல பரிசோதனை பண்ணுவான்"னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க.

மெக்கானிக்: நீ மட்டும் படிச்சுப் பாத்தா என்னைக் கையெழுத்துப் போட வச்ச? இருபது பக்கம் இருந்துச்சு.

மனைவி: இருபதும் படிச்சேன். பாதி புரியல. ஆனா அவரோட செல்லுலயேதான் வளக்கறோம்னு டாக்டரம்மா சொன்னாங்க பாருங்க, அது புரிஞ்சுது. வேற துணியில ஒட்டுப் போட்டா ரெண்டு தடவை துவைச்சதும் இழுத்துக்கும். அதே துணியில வெட்டிப் போட்டா, துணியோட துணியா நிக்கும். இருபத்தாறு வருஷமா இதைத்தானே பண்றேன்.

மெக்கானிக்: கண்ணாடித் தட்டுல அது துடிச்சதைக் காட்டினாங்களே... அன்னைக்கு நீ அழுத.

மனைவி: நீங்க மட்டும் என்னவாம்? "வெளியில நிக்கறது நல்லா துடிக்குது, உள்ள இருக்கறதுக்குத்தான் சோம்பல்"னு பெரிசா ஜோக் அடிச்சுட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கால் மணி நேரம் வரல.

மெக்கானிக்: அது... வயிறு.

மனைவி: ஆமா, வயிறுதான் மூக்கை உறிஞ்சுச்சு.

டாக்டர்: என்ன, வெளியிலேயே சண்டை ஆரம்பிச்சாச்சா? உள்ள வாங்க ஐயா. அம்மா, நீங்களும் வாங்க.

* * *

டாக்டர்: இடது பக்கமாத் திரும்பிப் படுங்க. ஸ்கேனுக்கு ஜெல் தடவறேன், கொஞ்சம் குளிரும்.

மெக்கானிக்: குளிரட்டும் டாக்டர்.

டாக்டர்: மூச்சை விடுங்க... அப்படியே நிறுத்துங்க... ம்.

மனைவி: டாக்டர்... அந்த "ம்" நல்ல "ம்"மா?

டாக்டர்: வேலை பாக்கற "ம்". கொஞ்சம் பொறுங்கம்மா.

மெக்கானிக்: அவளுக்குப் பொறுமை எல்லாம் ஊசியில நூல் கோக்கறதோட சரி டாக்டர்.

டாக்டர்: பேசாதீங்க ஐயா, படம் ஆடுது... ம்... சரி. அம்மா, இந்தப் பக்கம் வந்து திரையைப் பாருங்க.

மனைவி: எனக்குப் புரியுமா?

டாக்டர்: புரியும். முதல்ல பழசு. இது ஒட்டுப் போடறதுக்கு முன்னாடி எடுத்தது. சுத்திலும் சுருங்கி விரியுது, பாத்தீங்களா? கீழ இந்த மூலை மட்டும்?

மனைவி: அது சும்மா இருக்கு. சுவர் மாதிரி.

டாக்டர்: ரத்தம் கிடைக்காம செத்துப்போன இடம். தழும்பாயிடுச்சு. தழும்பு சுருங்கி விரியாது. இப்போ இதைப் பாருங்க. இது இன்னைக்கு. இந்த நிமிஷம்.

மெக்கானிக்: என்ன? என்ன தெரியுது? எனக்குக் கழுத்து அந்தப் பக்கம் வர மாட்டேங்குது. ஏய், உன்னைத்தான்... சொல்லேன்.

மனைவி: அசையுதுங்க.

மெக்கானிக்: எது?

மனைவி: அந்த மூலை. மத்ததெல்லாம் முன்னாடி ஓடுது. இது நொண்டிக்கிட்டே கூட ஓடுது. நிக்கல. விடாம ஓடுதுங்க.

டாக்டர்: மூச்சு விடலாம் ஐயா. நான் இப்போ நிறுத்தச் சொல்லலையே.

மெக்கானிக்: மறந்துட்டேன் டாக்டர்.

டாக்டர்: கணக்கும் சொல்லிடறேன். நெஞ்சுக்குள்ள நூறு பங்கு ரத்தம் நிறைஞ்சா, முன்னாடி இருபத்தேழு பங்கைத்தான் வெளிய தள்ளுச்சு. இப்போ நாப்பத்தொண்ணு.

மெக்கானிக்: நூத்துக்கு நாப்பத்தொண்ணா? பள்ளிக்கூடத்துல நான் எடுத்ததை விட ஜாஸ்தி.

மனைவி: சும்மா இருங்க. நூறு எப்போ வரும் டாக்டர்?

டாக்டர்: நூறு யாருக்குமே வராதும்மா. என் நெஞ்சே அறுபதுதான் எடுக்கும்.

மெக்கானிக்: அப்போ பாஸ்!

டாக்டர்: பாஸ்தான். ஆனா ஒண்ணு, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஒட்டின தசையேதான் வேலை பாக்குதா, இல்ல அது பக்கத்துல களைச்சுக் கிடந்த தசையைத் தட்டி எழுப்பி விட்டுச்சாங்கறது எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. உங்களை மாதிரி ஒன்பது பேர் இதுல இருக்காங்க. எல்லாருக்கும் இப்படி ஏறல.

மெக்கானிக்: அந்த ரயில்வேக்காரர்? எனக்கு அடுத்த கட்டில்ல இருந்தாரே.

டாக்டர்: அடுத்தவங்க ரிப்போர்ட்டை நான் சொல்லக் கூடாது ஐயா.

மெக்கானிக்: சரி... நான் போன் பண்ணிக் கேட்டுக்கறேன். போன வாரம் கேரம் விளையாடக் கூப்பிட்டார்.

டாக்டர்: இன்னொரு விஷயம். காலையில வராந்தாவுல ஆறு நிமிஷம் நடக்க விட்டோமே. நர்ஸ் தப்பா எழுதிட்டாங்களோன்னு இன்னொரு தடவை கேட்டேன். போன தடவையை விட ஒன்றரை மடங்கு தூரம் போயிருக்கீங்க. வீட்டுல என்ன பண்றீங்க?

மெக்கானிக்: ஒண்ணும் பண்றதில்லையே. காலையில பால் வாங்கப் போவேன். பேப்பர். அவ்வளவுதான்.

மனைவி: ஆமா டாக்டர். பால்தான்.

டாக்டர்: பால் வாங்கினா காலுக்கு இவ்வளவு பலம் வராதே. படி ஏறறீங்களா?

மெக்கானிக்: எங்க வீடு ஏழாவது மாடி டாக்டர். லிஃப்ட் இருக்கு. லிஃப்ட் மெக்கானிக் படி ஏறினா எங்க கம்பெனி மானமே போயிடும்.

டாக்டர்: நான் ரெண்டு மாடிக்கு மேல வேண்டாம்னு சொல்லியிருந்தேன். ஞாபகம் இருக்கா?

மெக்கானிக்: இருக்கு, இருக்கு.

மனைவி: நல்லாவே ஞாபகம் வச்சிருக்கார் டாக்டர்.

டாக்டர்: ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசறீங்க... சரி. இனிமே ஏறலாம். மெதுவா, மூச்சு முட்டினா நின்னு. மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது.

மெக்கானிக்: வேலைக்கு? ஆபீஸ்ல போன் எடுத்து எடுத்துக் காதே தேஞ்சு போச்சு டாக்டர். "லிஃப்ட் நின்னுடுச்சு, லிஃப்ட் நின்னுடுச்சு"ன்னு கத்தறாங்க. என்னால ஓடிப் போய்ப் பாக்க முடியல.

டாக்டர்: வாரத்துல ரெண்டு நாள் போங்க. கூட இன்னொரு ஆள் இருக்கணும். கனமா எதையும் தூக்கக் கூடாது. மிச்சத்தை அடுத்த ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம்.

மெக்கானிக்: ரெண்டு நாள்... ரெண்டு நாள் போதும் டாக்டர். ரெண்டு நாள் தாராளம்.

மனைவி: இந்தாங்க சட்டை. பட்டனை மாத்திப் போடறீங்க பாருங்க... நான் போடறேன், கையை எடுங்க.

* * *

மனைவி: வந்தாச்சு. காலே வலிக்குது, அந்தப் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தது. வாங்க, லிஃப்ட் கீழேதான் நிக்குது.

மெக்கானிக்: அது போகட்டும், நில்லு. ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

மனைவி: கேட்டுட்டுத் திட்டறேன்.

மெக்கானிக்: பால் வாங்கிட்டு வரும்போது நான்... லிஃப்ட்ல வர்றதில்ல.

மனைவி: ம்.

மெக்கானிக்: படியிலதான் வர்றேன். முதல் வாரம் ஒரு மாடி ஏறிட்டு மீதிக்கு லிஃப்ட். அடுத்த வாரம் ரெண்டு. அப்புறம் மூணு... இப்போ ஒன்றரை மாசமா ஏழும் படிதான்.

மனைவி: ரெண்டுக்கு மேல வேண்டாம்னாங்களே.

மெக்கானிக்: தப்புதான். தெரிஞ்சேதான் பண்ணினேன். டாக்டரம்மா முகத்தைப் பாத்துப் பொய் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கிச்சு. அடுத்த தடவை சொல்லிடறேன்.

மனைவி: அப்படி என்ன அவசரம்?

மெக்கானிக்: அவசரம் இல்ல... ஒரு லிஃப்டுக்கு மோட்டார் மாத்தினா, ஜனங்களை ஏத்தறதுக்கு முன்னாடி நாங்க ஏறி ஓட்டிப் பாப்போம். ஓட்டிப் பாக்காம ஒப்படைக்க மாட்டோம். இதுவும் அப்படித்தான். உங்க ரத்தத்துல வந்தது, உங்களதுதான்னு எல்லாரும் சொன்னீங்க. எனக்கு மட்டும் யாரோ விருந்தாளி உள்ள வந்து உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. என்ன பண்ணுவாரோ, எப்போ கிளம்பிடுவாரோன்னு. பழகிப் பாக்கலாம்னு தோணுச்சு.

மனைவி: பழகிட்டாரா?

மெக்கானிக்: முதல் தடவையா நாலாவது மாடி வரைக்கும் நிக்காம ஏறினேன் பாரு... நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். அது பாட்டுக்கு அடிக்குது. "என்ன, நின்னுட்டே? போலாமே"ங்குது. அன்னைக்குத்தான் அது என்னுதாச்சு. ஓடி வந்து உன்கிட்ட சொல்லணும் போல இருந்துச்சு. நீ பயப்படுவியேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

மனைவி: அன்னைக்கு அங்க நின்னு சிரிச்சீங்க. சத்தமா. அப்புறம் நாலாவது மாடிக்காரங்க கதவு திறந்ததும் இருமற மாதிரி நடிச்சீங்க.

மெக்கானிக்: ஆமா, நான்... ஏய். அந்த நேரத்துல நீ கீழ கடையிலல்ல இருப்ப? உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: நீங்க லிஃப்டைத் தாண்டிப் படிப்பக்கம் போறது கடை ஜன்னல்ல தெரியாதா? முதல் நாளே பாத்துட்டேன். கேட்டா நிறுத்திடுவீங்க, நிறுத்தினா முகம் வாடிப்போயிடும். அதான் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, நாக்குக்கடியில வைக்கற மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு, மூணு மாசமா ஒரு மாடி கீழேயே உங்க பின்னால ஏறி வர்றேன். நீங்க நின்னா நிப்பேன். வீட்டுக் கதவு சாத்தற சத்தம் கேட்டப்புறம்தான் இறங்குவேன்... நகருங்க, படிக் கைப்பிடியை விட்டுட்டு என் கையைப் பிடிங்க. இன்னைக்குப் பக்கத்துலயே வர்றேன்.