மாங்காய்ப் படம் மட்டும் போச்சு

கோவிந்தாபுரத்தில் பஸ் கிளம்பியதும் முன் இருக்கைப் பெண் சொன்னார்: "உங்களைத் திட்டுன வாயாலயே கும்பிடு சொல்றனுங்க."

போட்டோ ஸ்டுடியோக்காரர் அவர். பக்கத்திலிருந்தவர் அவருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"எதுக்குங்க?"

"படத்தைச் சின்னதாக்கற ஆப்பை, ஒரே ஃபோல்டரை மட்டும் பாக்கற மாதிரி அடைச்சு வெச்சீங்கல்ல? ஒவ்வொரு படத்தையும் அங்க கொண்டுபோய்ப் போடோணுமான்னு சண்டை போட்டேன்."

"ஆமாங்க."

"நேத்து அப்டேட் ஆனதும் அதுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. கண்ணுல பட்டதையெல்லாம் அழிச்சுப்போட்டுதுங்க."

"அய்யோ, கல்யாணப் படமெல்லாம்?"

"அது வேற ஃபோல்டருங்க, ஒண்ணும் ஆகலை. வியாபாரிக்கு அனுப்பறதுக்காக அங்க போட்டிருந்த எங்க தோட்டத்து மாங்காய்ப் படம் மட்டும் போச்சு."

"அடடா."

"மாங்கா இன்னும் மரத்துலதான் தொங்குது, எடுத்துக்கலாமுங்க. கல்யாணத்தை மறுக்கா பண்ணச் சொல்ல முடியுங்களா?"